உசுரோட ஏறுன ஒருத்தி

வண்டியை ரிவர்ஸ்ல எடுத்து, அந்த வீட்டு வாசலுக்கு நேரா பின்பக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எறங்கினேன். பின்கதவு ரெண்டையும் விரியத் தெறந்தேன். உள்ள இருந்த ஸ்டிரெச்சரைப் பாதி வெளிய இழுத்து விட்டேன். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, ஓரமா ஒதுங்கி நின்னேன்.

வாசல்ல வேப்பமரத்தடியில நின்ன ஒரு பொம்பளை என்னைப் பாத்தா, வண்டியைப் பாத்தா, ஸ்டிரெச்சரைப் பாத்தா. அம்புட்டுத்தான். மாருல அடிச்சுக்கிட்டு, "ஐயோ எம் மருமகளே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியாடி ஆத்தா!"ன்னு கதற ஆரம்பிச்சா. எதுத்த வீடு, பக்கத்து வீடுன்னு எல்லாப் பொம்பளைகளும் சேந்துக்கிட்டாங்க.

அந்த அழுகைக்கு நடுவுல, வீட்டுக்குள்ளருந்து மூச்சு வாங்க வாங்க ஒரு குரல் கேட்டுச்சு.

"என்னங்க... யாரு செத்தா?"

கேட்டவதான் அந்த மருமக. பேரு ஈஸ்வரி. அவளுக்கு ஆக்சிஜன் மெஷின் குடுக்கத்தான் நான் போயிருந்தேன்.

கை பழகின வேலை

போன ரெண்டு வாரமும் நான் லாரி ஓட்டித் திரிஞ்ச கதையைப் படிச்சீங்க. லாரியை விட்டப்புறம் நான் ஓட்டுனது திண்டுக்கல்ல ஒரு அறக்கட்டளையோட அமரர் ஊர்தி. அமரர் ஊர்திங்கிறதெல்லாம் போர்டுல எழுதத்தான். சனங்க வாயில அது சவ வண்டி. என் பேரு முருகேசன்னு எம்புட்டுப் பேருக்குத் தெரியுமோ, 'சவ வண்டிக்காரர்'னா பஸ் ஸ்டாண்டுலருந்து வத்தலக்குண்டு வரைக்கும் தெரியும்.

டீக்கடையில போய் நின்னா, "என்ன மாமா, இன்னைக்கு யாருக்கு நாள் குறிச்சிருக்கே?"ன்னு கேலி பண்ணுவானுங்க. "ஒனக்குத்தாண்டா, வா ஏறு"ம்பேன். சிரிச்சுக்கிட்டே நாலடி தள்ளிப் போயிருவானுங்க.

அந்த வேலைக்குன்னு ஒரு மொறை இருக்கு. செத்த வீட்டுக்கு முன்னால, அழுகுற சனங்களுக்கு நடுவுல, வண்டியை முன்னும் பின்னும் ஒடிச்சுத் திருப்பிக்கிட்டு நிக்கக் கூடாது. அதனால உள்ள போறப்பவே ரிவர்ஸ்ல போயிரணும். யாரையும் என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது. கதவைத் தெறந்து, ஸ்டிரெச்சரை இழுத்து வெச்சுட்டு ஒதுங்கி நிக்கணும். அவுகளா தூக்கிக்கிட்டு வருவாக. ஒன்பது வருசம் இதையே செஞ்சிருக்கேன். புத்தி எங்கிட்டுத் திரிஞ்சாலும் கை பாட்டுக்கு அதைச் செஞ்சு முடிச்சிரும்.

அன்னைக்கும் செஞ்சு முடிச்சிருச்சு. உசுரோட இருக்கவ வீட்டு வாசல்ல.

ஆடு ஏத்துற வண்டியில ஆரம்பிச்சது

இந்த அறக்கட்டளை எப்படி வந்துச்சுன்னு சொல்லிடுறேன். அப்பத்தான் இந்த வண்டி எங்களுக்கு என்னன்னு புரியும்.

பல வருசத்துக்கு முன்னால, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூட்டை தூக்குன ஒருத்தர் மூட்டையோட சரிஞ்சு செத்துப்போனாரு. அய்யலூர்ப் பக்கம் ஊரு. பொணத்தைக் கொண்டுபோக ஒரு வண்டிக்காரனும் வரலை. கடைசியில சந்தைக்கு ஆடு ஏத்திட்டுத் திரும்புன ஒரு வண்டியில, புழுக்கை கிடந்த பலகையைக்கூடக் கழுவாம, அவரைப் போட்டு அனுப்புனாங்க. அவரு பொண்டாட்டி அந்தப் பலகையிலேயே உக்காந்து போச்சு.

அதைக் கண்ணால பாத்தவரு மெடிக்கல் ஷாப் வெச்சிருக்க தாமஸ் அண்ணன். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலைன்னு சொல்வாரு. டயர்க் கடை, பாத்திரக் கடை, பூக்கமிஷன் கடைன்னு அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க நாலஞ்சு பேரைச் சேத்தாரு. பழைய வேன் ஒண்ணு வாங்குனாங்க. ஐஸ் பெட்டி ஒண்ணு. பெட்டிக்குக் கரண்டு வேணுமே, அதுக்காக வண்டிக்குள்ளேயே இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாட்டுனாங்க. மனுசன் கடைசியாப் போறப்பவாவது மரியாதையாப் போகட்டும். அம்புட்டுத்தான் அறக்கட்டளையோட கொள்கை. நோட்டீஸ்ல பெருசா என்னென்னமோ அடிச்சிருந்தாங்க, அதை யாரு படிச்சா?

கொரோனா முதல் தடவை வந்தப்ப எங்களுக்குப் புது வேலை வந்துச்சு. அண்டாவுல கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊத்துனோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல வாங்க ஆளில்லாமக் கிடந்த காய்கறியை அள்ளிட்டு வந்து தெருத் தெருவா குடுத்தோம். நல்ல வேலைதான். ஆனா ஒரு பை அரிசியைப் பத்துப் பேரு புடிச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்தப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "பையை விடுங்கய்யா, அந்தம்மாவுக்குக் கை வலிக்குது"ன்னு கத்திட்டேன். அன்னையிலருந்து போட்டோ எடுக்குற எடத்துக்கு என்னைக் கூப்புடுறதில்லை.

ரெண்டாவது தடவை வந்தப்ப போட்டோ எடுக்க ஒருத்தனும் வரலை.

வேற வண்டி காட்டு

கத்திரி வெயில். காலையில எடுத்த வண்டியை நிறுத்த நேரமில்லை. மாத்தி மாத்தி ஆஸ்பத்திரி, சுடுகாடு, கல்லறைத் தோட்டம். நோய் தொத்தாம இருக்க மாட்டுற அந்த நீலக் கோட்டுக்குள்ள வேர்த்து வேர்த்து, கழட்டுனா உள்ளங்கை ஊறுன அப்பளமா இருக்கும்.

அந்த நேரத்துல, வெளிநாட்டுல இருக்க நம்மூருப் புள்ளைக சிலபேரு சேந்து அறக்கட்டளைக்கு ஆக்சிஜன் மெஷின் அனுப்புனாங்க. சூட்கேஸ் மாதிரி இருக்கும், கீழ சக்கரம் இருக்கும். கரண்டுல மாட்டுனா காத்துலருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குழாய் வழியாக் குடுக்கும். பெட் கெடைக்குற வரைக்கும் ஒரு ஆளைத் தாக்காட்டலாம்.

மெஷின் வந்துருச்சு. கொண்டுபோய்க் குடுக்க வண்டி? நோயாளி வீட்டுக்குன்னு சொன்னதும் வேன்காரங்க, ஆட்டோக்காரங்க எல்லாரும் போனை ஆஃப் பண்ணிட்டாங்க. குத்தம் சொல்ல முடியாது, அவுகளுக்கும் புள்ளகுட்டி இருக்கு.

"முருகேசா, நம்ம வண்டியிலயே கொண்டு போயிருவோம்"ன்னாரு தாமஸ் அண்ணன்.

"அண்ணே, ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மூச்சுக்குத் தவிக்கிறவ வீட்டு முன்னால இந்த வண்டி போய் நின்னா என்ன ஆகும்?"

"அப்ப வேற வண்டி காட்டுடா!"

காட்ட முடியலை. வண்டியில 'இறுதிப் பயணம்'னு எழுதியிருந்த எடத்துல வெள்ளைப் பேப்பரை ஒட்டி, 'ஆக்சிஜன் உதவி'ன்னு மார்க்கர்ல எழுதுனோம். ரெண்டு நாளு டவுனுக்குள்ள சமாளிச்சேன். தெருமுக்குல வண்டியைப் போட்டுட்டு மெஷினை உருட்டிக்கிட்டுப் போனேன்.

மூணாவது நாள்தான் வேடசந்தூர்ப் பக்கத்துலருந்து பாண்டிங்கிறவரு போன் பண்ணுனாரு. பொண்டாட்டி ஈஸ்வரி மில்லு வேலைக்குப் போறவ. நாலு நாளாக் காய்ச்சல். நர்ஸம்மா குடுத்த விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன் அளவு எம்பத்தி நாலுதான் காட்டுதாம். 108-க்குச் சொன்னா எல்லா வண்டியும் வெளிய போயிருக்கு, காத்திருங்கன்னுட்டாங்களாம். தாமஸ் அண்ணன் ஒரு கையில போனை வெச்சுக்கிட்டு பெட்டுக்கு அலைஞ்சாரு. இன்னொரு கையால மெஷினை எங்கிட்டத் தள்ளுனாரு.

பறந்தேன். போற வேகத்துல ரோட்டுக் காத்துக்குப் பேப்பர் பிச்சுக்கிட்டுப் போனது எனக்குத் தெரியாது. தெருமுக்குல நிறுத்தணுங்கிற நெனப்பும் போயிருச்சு. எம்பத்தி நாலு, எம்பத்தி நாலுன்னு மனசுல அதே ஓட்டம். கை மட்டும் தெளிவா ரிவர்ஸ் போட்டுச்சு.

வேணாம்னா

சரி, வாசலுக்கு வருவோம்.

வாசல்ல அழுத பொம்பளை ஈஸ்வரியோட மாமியார் காளியம்மா. நோய் தொத்திரும்னு மூணு நாளா அந்தம்மாவை வீட்டுக்குள்ள விடலை. உள்ள மருமக கதை முடிஞ்சு போச்சு, மகன் வண்டிக்குச் சொல்லிட்டான்னு நெனைச்சுருச்சு.

உள்ளருந்து பாண்டி ஓடியாந்தாரு. "ஏம்மா, அவ நல்லாத்தான் இருக்கா, வாயை மூடு! ஏங்க, நீங்க என்னங்க இப்படி..."ன்னு எம் மேல பாஞ்சாரு. அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். தப்பு எந் தப்பு. ஸ்டிரெச்சரை வண்டிக்குள்ள தள்ளிட்டு, மெஷினைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடுனேன்.

ஈஸ்வரிக்கு முப்பது வயசு இருக்கும். செவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. தோளு ரெண்டும் ஏறி ஏறி எறங்குது. வாசல் வழியா வண்டி தெரியுது அவளுக்கு. என்னையும் பாத்தா.

"அதுல வந்தது எனக்கு வேணாம்."

"அம்மா, இது மெஷினு. புதுசு. பெட்டியை இன்னைக்குத்தான் பிரிச்சோம்."

"வேணாம்... கொண்டு போயிருங்க."

எனக்குக் கோவம் வந்துச்சு. அவ மேல இல்லை, எம் மேலதான். ஆனா கத்துனது அவகிட்ட. "ஏத்தா, நீ திட்டணும்னா நல்லா மூச்சை இழுத்துத் திட்டு! அதுக்காச்சும் இதை மாட்டு!"

என்ன நெனைச்சாளோ, குழாயை வாங்கி மூக்குல மாட்டுனா. செத்த நேரத்துல எம்பத்தி ஏழு. அப்புறம் தொண்ணூறு. வெளிய அழுகை நின்னுருச்சு. பாண்டி எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. நான் செம்பைத் தூக்குனேன்.

ஃபேன் நின்னுச்சு. மெஷின் கீச்சுன்னு கத்திட்டு அணைஞ்சு போச்சு.

கரண்டு கட்டு. மின்சார ஆபீசுக்குப் போன் போட்டா டிரான்ஸ்பார்மர்ல ஏதோ போயிருச்சாம், நேரமாகுமாம். ஈஸ்வரி விரல்ல நம்பர் எறங்க ஆரம்பிச்சுச்சு. தொண்ணூறு. எம்பத்தி எட்டு. எம்பத்தி அஞ்சு.

அந்த ஊருலயே அப்பக் கரண்டு இருந்த எடம் ஒண்ணே ஒண்ணுதான். எங்க வண்டி. ஐஸ் பெட்டிக்குன்னு மாட்டியிருந்த இன்வெர்ட்டர்.

அந்த நேரம் பாத்துத் தாமஸ் அண்ணன் போன். "பெட் ஒண்ணு காலியாகுது. ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துருடா, இல்லாட்டிப் போயிரும்."

நான் படுத்தேன்

சொன்னேன். "வண்டிக்குள்ள மெஷினை மாட்டி, இவுகளைப் படுக்க வெச்சு, திண்டுக்கல்லுக்குக் கொண்டு போயிரலாம்."

தெருவே எம் மேல விழுந்துச்சு. காளியம்மா வண்டியோட பின்கதவுல குறுக்க கையை விரிச்சு நின்னுக்கிட்டா. "உசுரோட இருக்க புள்ளையை இதுல ஏத்துவியா? எம் பொணத்துமேல ஏறிப் போ!"

"ஆத்தா, நீ மறிச்சுக்கிட்டே நின்னா அவ நெசமாவே இதுலதான் போவா!"ன்னேன். சொன்ன வாயை அறுத்துப் போட்டிருக்கணும். ஆனா சொல்லிட்டேன். காளியம்மா அழுதா, கையை மட்டும் எறக்கலை.

பாண்டி ஈஸ்வரியைக் கைத்தாங்கலா நிலைப்படி வரைக்கும் கூட்டியாந்துட்டாரு. அங்கயே உக்காந்துட்டா. தலையை மட்டும் ஆட்டுறா, மாட்டேன் மாட்டேன்னு. எம்பத்தொண்ணு.

ஒண்ணு சொல்றேன், இதை எம் பொண்டாட்டிகிட்டக்கூட அதுவரைக்கும் சொன்னதில்லை. ஒன்பது வருசத்துல அந்த ஸ்டிரெச்சர்ல நான் ஒரு தடவைகூட உக்காந்ததில்லை. கழுவுவேன், தொடைப்பேன், பினாயில் ஊத்துவேன். உக்கார மாட்டேன். எனக்கும் பயம்தான். அதுல படுத்தா நம்ம கணக்கும் அதுல ஏறிரும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம்.

காளியம்மா கைக்கு அடியில புகுந்து உள்ள ஏறுனேன். ஸ்டிரெச்சர்ல மல்லாக்கப் படுத்தேன். காலை நீட்டுனேன். தகரக் கூரை அனலா அடிக்குது.

"இந்தா பாருத்தா"ன்னு படுத்தபடியே கத்துனேன். "நான் படுத்துட்டேன். செத்துட்டனா? எம் புள்ளை பன்னெண்டாவது படிக்கிறா. எனக்கும் வீட்டுக்குப் போகணும். ஒனக்கும் போகணும். இதுல ஏறுறவுக எல்லாம் போயிருவாகன்னா, இந்தா, நான் மொதல்ல போறேன். பின்னாடி நீ வா!"

என்ன பேச்சு பேசிட்டேன்னு இப்ப நெனைச்சா வெக்கமா இருக்கு. அப்ப அழுதுக்கிட்டேதான் பேசுனேன், மாஸ்க்குக்குள்ள யாருக்குத் தெரியும்.

கால்மாட்டுல ஒரு கை என் காலைத் தட்டுச்சு. தலையைத் தூக்கிப் பாத்தேன். பாண்டி தோளைப் புடிச்சுக்கிட்டு ஈஸ்வரி நின்னா.

"அண்ணே... எந்திரிங்க. எடத்தை விடுங்க."

காளியம்மா கை தன்னால எறங்கிருச்சு.

சத்தமில்லாத ரோடு

மெஷினை இன்வெர்ட்டர்ல மாட்டுனேன். பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. பாண்டி ஒரு பக்கம், மாஸ்க்கை மாட்டிக்கிட்டு மாமியார் ஒரு பக்கம். டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல தடுப்பு. அதுல சின்னதா ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் திரை. பின்னாடி பேசுறது முன்னாடி கேக்காது. அதனால பாண்டிகிட்ட, போனைப் போட்டு வெச்சுக்கிட்டு நம்பரைச் சொல்லிக்கிட்டே வாங்கன்னேன்.

"எம்பத்தி மூணுங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"எம்பத்தி ஆறு... எம்பத்தி அஞ்சு... ஏங்க, எறங்குதுங்க. எம்பத்தி..."

போன் கட்டாயிருச்சு. திருப்பி அடிச்சேன். சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. சார்ஜ் போயிருக்கும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். வண்டியை நிறுத்திப் பாக்கலாமா? நிறுத்துனா பெட் போயிரும். நிறுத்தலை. நெசத்தைச் சொல்லணும்னா, பின்கதவைத் தெறந்து பாக்க எனக்குத் தைரியமில்லை.

அதுக்கப்புறம் திண்டுக்கல் வர்ற வரைக்கும் பின்னாடியிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பழகின சத்தமின்மைதான். ஆனா அன்னைக்கு அது என்னைக் கொன்னுச்சு. முருகா, மாதாவே, நாகூரு சாமின்னு ஒருத்தரையும் விடலை. எல்லாரையும் கூப்புட்டேன்.

ஆஸ்பத்திரி கேட்டு. எந்த ஆஸ்பத்திரின்னு பேரு வேணாம். வாட்ச்மேன் எங்க வண்டியைப் பாத்ததும், வழக்கம்போலக் கையைப் பின்பக்கமாக் காட்டுனாரு. பொண ரூமு அந்தப் பக்கம். தப்பு சொல்ல முடியாது, அந்த வண்டி அதுவரைக்கும் அங்க வேற எதுக்கு வந்திருக்கு?

"பேஷண்டுய்யா! உள்ள விடு!"

"பின்னாடி போப்பா. வழியை மறிக்காத."

"பேஷண்டுய்யா, பேஷண்டு!"

"என்னைய்யா வெளையாடுறியா?"ன்னாரு. உள்ள இருக்கறது பேஷண்டுதானான்னு எனக்கே தெரியாது.

டொக், டொக்.

எந் தலைக்குப் பின்னாடி. திரும்புனேன். திரை வெலகியிருந்துச்சு. கண்ணாடியில ஒரு கை. விரல்ல அந்தக் குட்டி மெஷின் செவப்பா எரியுது. அந்த விரலாலதான் தட்டுறா. கண்ணாடிக்குப் பக்கத்துல வாயைக் கொண்டாந்து, குழாயோட, என்னமோ கேக்குறா. உதட்டை வெச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

"ஏண்ணே நிக்கிது?"

வாட்ச்மேன் ரெண்டடி பின்னால போயிட்டாரு. அப்புறம் ஓடிப்போய்க் கேட்டைத் தெறந்தாரு பாருங்க, அம்புட்டு வேகத்துல ஒரு கேட்டு தெறந்து நான் பாத்ததில்லை. உள்ளருந்து தாமஸ் அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடியாந்தாரு. அவளை எறக்கிக் கொண்டு போனாங்க. நான் ஸ்டியரிங்ல தலையைக் கவுத்து அழுதேன். யாரும் எதுக்குன்னு கேக்கலை. அந்த நாள்ல ஆஸ்பத்திரி வாசல்ல அழுகுறவனை யாரு கேப்பா?

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சுப் பாண்டி போன் பண்ணுனாரு, வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு. ஊரடங்கு, பஸ்ஸு கெடையாது. "நான் வாரேன்"னேன். போனை ஈஸ்வரி வாங்குனா.

"அண்ணே, நீங்க மட்டும் வாங்க. வண்டி வேணாம்."

அறக்கட்டளை பேரைச் சொல்லி அனுமதி வாங்கி, தெரிஞ்ச ஒரு ஆட்டோவைப் புடிச்சுக்கிட்டுப் போனேன். பின்னாடி ஈஸ்வரியும் பாண்டியும். முன்னால டிரைவர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நான். அவ வாய் ஓயலை. ஆஸ்பத்திரிச் சோறு, ரசம், பக்கத்துப் பெட்டுக்காரம்மாவோட கொறட்டை, மில்லுல யாரு யாரு போன் பண்ணுனாங்க, வீட்டுல மாமியார் என்ன வெஞ்சனம் வெச்சிருக்கும். மூச்சு எரைக்க எரைக்கப் பேசுறா.

"செத்த நேரம் பேசாம வாயேன்டி"ன்னாரு பாண்டி.

"பேசட்டும்ங்க"ன்னேன். வேடசந்தூர் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா.